வேலி ஒன்றின் வரலாறு

ஒரு சமுதாயம் தன்னைப்பற்றி எழுதிவைத்த வரலாறு ஒன்று. எழுத வேண்டும் என்று எண்ணாமலே அது விட்டுச்சென்ற வரலாறு மற்றொன்று. பின்னது சொற்களுக்குள் புதைந்து கிடக்கிறது. அரசர்களின் கல்வெட்டுகள் வெற்றிகளைப் பேசும். உழவனின் வாயில் வழங்கிய எளிய சொல்லோ அவன் எதற்கு அஞ்சினான், எதைக் காத்தான், யாரைத் தன் வாயிலுக்கு வெளியே நிறுத்தினான் என்பவற்றையெல்லாம் சொல்லிவிடும். அத்தகைய சொல் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். வட ஐரோப்பாவின் ஜெர்மானிய இன மக்கள் வேலிக்கு வழங்கிய 'ஹாக்' என்னும் பழஞ்சொல் அது.

ஒலியளவில் அது நமக்குப் புதிதாகத் தோன்றலாம். அதன் வழித்தோன்றல்களோ நாம் அறிந்தவையே. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் நாம் கற்ற 'ஹெட்ஜ்' அதன் உறவினன். உலக நீதிமன்றத்தின் இருப்பிடமாகச் செய்தித்தாள்களில் அடிக்கடி நாம் வாசிக்கும் 'தி ஹேக்' நகரத்தின் பெயர் அதன் நேர் வாரிசு. சூனியக்காரியைக் குறிக்கும் 'ஹெக்சே' என்ற ஜெர்மன் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்தது என்பது மொழியறிஞர் பலருடைய கருத்து. ஒரு முள்வேலி, நீதி வழங்கும் ஒரு நகரம், தீயிலிடப்பட்ட ஒரு பெண். இம்மூன்றையும் ஒரே சொல் எவ்வாறு தொட்டது? அதன் வழியைப் பின்தொடர்ந்து சென்றால், வேலி என்பதன் நன்மையும் தீமையும் நமக்கு ஒருங்கே விளங்கும்.

முள்ளும் மரமும்

ஜெர்மானிய மொழிகள் தனித்தனியே பிரிவதற்கு முன்பே இச்சொல் வழக்கில் இருந்திருக்க வேண்டும். அக்குடும்பத்தின் பல கிளைகளிலும் அது காணப்படுவதே இதற்குச் சான்று. பழைய ஆங்கிலத்தில் 'ஹாகா' என்றால் வேலி. வேலியிட்ட இடத்திற்கும் அதுவே பெயர். பழைய ஜெர்மனில் 'ஹாக்' முட்புதரால் ஆன அடைப்பைக் குறித்தது. டச்சு மொழியில் இன்றும் அது உயிர்வேலியைக் குறிக்கிறது. பழைய நார்ஸ் மொழியில் 'ஹாகி' என்பது மேய்ச்சல் நிலமாயிற்று. அதன் வழிவந்த டேனிஷ் சொல்லுக்கு இன்று தோட்டம் என்பது பொருள். வேலியைக் குறித்த சொல் நாளடைவில் வேலி வளைத்த நிலத்தையே குறிக்கத் தொடங்கியது. தஞ்சைத் தரணியில் நிலத்தின் அளவே 'வேலி' என்று வழங்குவதை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

அந்த வேலி கல்லாலோ செங்கல்லாலோ ஆன மதில் அன்று, அது உயிருள்ளது. கி.மு. 57ஆம் ஆண்டில், இன்றைய பெல்ஜிய நாட்டுப் பகுதியில் நெர்வியர் என்னும் இனத்தாரோடு போரிட்ட ஜூலியஸ் சீசர், அவர்களுடைய வேலிகளைத் தம் போர்க்குறிப்புகளில் விவரித்துள்ளார். இளமரங்களை வெட்டி வளைத்து, கிளைகள் பக்கவாட்டில் அடர்ந்து பரவச் செய்து, இடையிடையே முட்செடிகளைப் பின்னிவிடுவது அவர்களது வழக்கம். மதிலைப்போல் நின்ற அவ்வேலிக்குள் நுழைய முடியாததோடு, அதன் ஊடே நோக்கவும் முடியாதாம். நெர்வியர் தங்களை ஜெர்மானிய வழியினர் என்று பெருமையோடு கூறிக்கொண்டதாக உரோமை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். மரத்தைக் கொல்லாமல் பாதியளவு வெட்டிச் சாய்த்து வேலியாக்கும் கலை இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் இன்றும் பேணப்படுகிறது.

வேலிக்கு உதவிய செடிகளும் அதன் பெயரைப் பெற்றன. வெண்ணிறப் பூவும் செந்நிறக் கனியும் கூரிய முள்ளும் உடைய 'ஹாதார்ன்' என்னும் மரத்தின் பெயருக்கு 'வேலிமுள்' என்பதே பொருள். காட்டு ரோசாவின் கனிக்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் 'ஹாகெபுட்டெ' என்ற பெயரிலும் இந்த வேலி இருக்கிறது. பிரெஞ்சு மொழி இலத்தீனின் மகள்; ஆயினும் வேலிக்குரிய அதன் சொல் இலத்தீன் வழியாக வந்ததன்று. கால் நாட்டை வென்று ஆண்ட ஃபிராங்கு இனத்தார் கொண்டுவந்த ஜெர்மானியச் சொல்லே அங்கு நிலைத்தது. நாட்டைப் பிடித்தவர்கள் மொழியை இழந்தார்கள். வேலியை மட்டும் விட்டுச்சென்றார்கள்.

வேலிக்குள் ஊர்

பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வட ஜெர்மனியின் காடுகளை அழித்துப் பல புதிய ஊர்கள் எழுந்தன. குடியேறிய உழவர்கள் தாங்கள் திருத்திய நிலத்தைச் சுற்றி வேலியிட்டார்கள். அவ்வூர்கள் 'ஹாகன்' எனப்பட்டன. கடுமையான உழைப்புக்கு ஈடாக, அம்மக்களுக்குக் குறைந்த வரியும் கூடுதலான தன்னுரிமையும் வழங்கப்பட்டன. அன்றைய நிலப்பிரபுக்களின் ஆட்சியில் அடிமைபோல் உழைத்த குடியானவனுக்கு, இந்த வேலிக்குள் ஓரளவு விடுதலை கிடைத்தது. ஆகவே வேலி அவனுக்குச் சிறையாகத் தோன்றவில்லை. காட்டு விலங்கிடமிருந்து மட்டுமன்றி, பேராசை கொண்ட மனிதனிடமிருந்தும் அது அவனைக் காத்தது. இன்றும் வட ஜெர்மனியில் 'ஹாகன்' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனை இவ்வரிசையில் சேர்த்துவிடக் கூடாது. அப்பெயரின் ஈற்றில் இருப்பது துறைமுகத்தைக் குறிக்கும் வேறு சொல்.

வேலியால் பெயர்பெற்ற ஊர்களுள் தலைசிறந்தது தி ஹேக். டச்சு மொழியில் அதன் முழுப்பெயருக்குக் 'கோமகனின் வேலி' என்பது பொருள். வேலியிட்ட காட்டின் நடுவே ஹாலந்துக் கோமக்களுக்கு ஒரு மாளிகை இருந்தது; பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. அக்காலத்து ஐரோப்பிய நகரங்கள் கோட்டை மதில்களைத் தங்கள் பெருமையாகக் கருதின. இவ்வூருக்கோ மதிலே இல்லை. ஆட்சிமன்றம் அங்கே கூடியபோதும், 1806ஆம் ஆண்டு வரை அது நகரம் என்ற தகுதியைப் பெறாமலே இருந்தது. வேலியைப் பெயரில் மட்டும் கொண்டு, மதில் இல்லாமல் வாழ்ந்த ஊர் அது.

வேலிக்குரியவன்

இனி, வேலி மனிதனுக்குப் பெயரிட்ட கதைக்கு வருவோம். ஜெர்மன் மொழியில் நெடுங்காலம் மணமுடிக்காமல் இருப்பவனை 'ஹாகெஷ்டோல்ட்ஸ்' என்பர். இதன் பழைய வடிவமாகிய 'ஹாகுஷ்டால்ட்' என்பதற்கு, 'வேலியிட்ட துண்டு நிலத்தை உடையவன்' என்பதே பொருள். குடும்பத்தின் பெரும்பண்ணை ஒருவனுக்குச் சென்றபின், இளையவனுக்கு வேலியிட்ட சிறு துண்டு நிலம் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அவனால் மனைவி மக்களைக் காப்பாற்ற இயலாது. எனவே அவன் தனியனாகவே இருந்துவிடுவான். சொத்துரிமை முறை ஒரு மனிதனின் வாழ்வை எவ்வாறு வகுத்தது என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதிய ஆவணம். பிற்காலத்தவர் சொல்லின் ஈற்றைத் தவறாகப் புரிந்துகொண்டு, அதில் 'செருக்கு' என்ற பொருளைக் கண்டார்கள். வறுமையால் தனித்திருந்தவனுக்குச் செருக்கன் என்ற பெயரும் சேர்ந்தது. ஏழையின் குறையை அவனுடைய குற்றமாக்கிவிடும் உலக வழக்கம் மொழியையும் விடவில்லை.

இச்சொல் மிகப் பழைமையானது. நார்வே நாட்டில் வால்ஸ்ஃபியோர்டு என்னுமிடத்தில், ஏறத்தாழ கி.பி. 400ஆம் ஆண்டைச் சார்ந்த பாறை எழுத்தில் இது காணப்படுகிறது. வட இங்கிலாந்தில் கி.பி. 674 அளவில் புனித வில்ஃபிரிட் ஒரு துறவுமடத்தை நிறுவினார். அவ்வூரின் பெயர் இன்று 'ஹெக்ஸம்'. பழைய பெயரோ 'ஹாகுஸ்டால்டுக்குரிய ஊர்' என்ற பொருளுடையது. குடும்பத்தின் பெரும்பங்கு கிடைக்காதவனின் பெயரைத் தாங்கிய மண்ணில், சொத்தைத் தாமாகவே துறந்தவர்களின் இல்லம் எழுந்தது.

அதே வட்டாரத்தில் இன்னும் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏடு என்னும் அழகிய இலத்தீன் கையெழுத்துப் படியின் வரிகளுக்கிடையே, பத்தாம் நூற்றாண்டில் ஆல்டிரெட் என்னும் குரு பழைய ஆங்கிலத்தில் சொற்பொருள் எழுதினார். நற்செய்தி நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அதுவே. கன்னி என்ற இலத்தீன் சொல் வந்த இடத்தில், அவர் இந்த 'வேலிக்குரியவர்' என்ற சொல்லின் நார்தம்பிரிய வடிவத்தையே பயன்படுத்தினார். மணமாகாதவன் என்ற பொருள் விரிந்து கன்னிமையின் பொருளைப் பெற்றிருந்தது. உரிமைப் பங்கு கிடைக்காத இளைய மகனின் பெயர், ஆண்டவரின் தாயைச் சுட்டும் பெயராக உயர்ந்தது. தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதைப் பாடிய அந்த அன்னைக்கு இது பொருந்தாத பெயரன்று.

வேலிமேல் அமர்ந்தவள்

ஆனால், வேலிக்கு அப்பால் இருந்தவர்களுக்கு இச்சொல் இத்தகைய பேற்றை அளிக்கவில்லை. வேலிக்குள் ஊர், வெளியே காடு. உள்ளே தெரிந்த முகங்கள், வெளியே அச்சம். இரண்டிற்கும் நடுவே, வேலியின்மேல் அமர்ந்திருப்பவளாக மக்களின் கற்பனை ஒரு பெண்ணைப் படைத்தது. பழைய ஜெர்மனில் அவள் 'ஹாகசுஸ்ஸா'. இச்சொல்லின் முற்பகுதி வேலியைக் குறிப்பது என்பர். பிற்பகுதியின் பொருள்பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நார்ஸ் மொழியிலும் வேறொரு வேலிச் சொல்லை முன்னே கொண்டு, 'வேலியில் சவாரி செய்பவள்' என்றே சூனியக்காரி அழைக்கப்பட்டாள். இந்த 'ஹாகசுஸ்ஸா' காலப்போக்கில் 'ஹெக்சே' ஆனாள். ஆங்கிலத்தில் அருவருப்பான கிழவியைக் குறிக்கும் 'ஹாக்' என்ற சொல்லும் இவளுடைய பெயரின் சுருக்கமே.

கதையாக இருந்தவரை இது பெருங்கேடு விளைவிக்கவில்லை. கதை சட்டமானபோதுதான் தீ மூண்டது. 1450 முதல் 1750 வரையிலான முந்நூறு ஆண்டுகளில் ஐரோப்பாவில் சூனியக் குற்றச்சாட்டின்பேரில் கொல்லப்பட்டோர் 40,000 முதல் 60,000 பேர் வரை இருக்கலாம் என்பது இன்றைய வரலாற்றறிஞரின் கணிப்பு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஏழைகள், கைம்பெண்கள், ஆதரவற்ற முதியவர்கள் எனச் சமுதாயத்தின் விளிம்பில் நின்றவர்களையே முதலில் பழி சென்று பற்றியது. இக்கொடுமையில் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையினர் என்ற வேறுபாடு இல்லை. 1620களின் பிற்பகுதியில் வூர்ஸ்பர்க், பாம்பெர்க் ஆகிய ஆயர் ஆட்சிப் பகுதிகளில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் என்பதை நாம் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது.

அந்த இருளில் ஒரு குரு பேசினார். அவர் இயேசு சபையைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் ஸ்பே. சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்டவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, அவர்களைக் கொலைக்களம்வரை அழைத்துச் சென்றவர் அவர் என்று மரபு கூறுகிறது. 1631ஆம் ஆண்டில், தம் பெயரைக் குறிப்பிடாமல் இலத்தீனில் ஒரு நூலை அவர் வெளியிட்டார். சித்திரவதை குற்றவாளிகளைக் கண்டுபிடிப்பதில்லை, அது குற்றவாளிகளை உண்டாக்குகிறது என்பதே அந்நூலின் அடிப்படை வாதம். அதே வேதனைக்கு உட்படுத்தினால் நீதிபதிகளும் மேலோரும்கூடத் தங்களைச் சூனியக்காரர் என்று ஒத்துக்கொள்வார்கள் என்று அவர் துணிந்து எழுதினார். நாற்பது வயதிலேயே அவருடைய தலை ஏன் நரைத்தது என்று ஒருவர் வினவியபோது, குற்றமற்றவர்களைத் தீக்கு அழைத்துச் சென்ற துயரமே காரணம் என்று அவர் மறுமொழி கூறியதாக மெய்யியலார் லைப்னிட்ஸ் குறித்துள்ளார். அவ்வினாவைக் கேட்ட இளைஞர் யோகான் பிலிப் பின்னாளில் வூர்ஸ்பர்க் ஆயராகி, மைன்ஸ் பேராயருமாகி, தம் ஆட்சியில் இவ்வழக்குகளை நிறுத்தினார். ஸ்பே 1635இல் டிரியர் நகரில் நோயுற்ற போர்வீரர்களுக்குப் பணிவிடை செய்து, அவர்களது கொள்ளைநோயே தொற்றி இறந்தார். அவர் வேலிக்குள் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். வேலியோரம் சென்று நின்றார்.

உண்மையைக் காப்பதாக எண்ணிக் கொடுமையான வழிகளைக் கையாண்ட பாவத்திற்காக, 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாளன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தலைமையில் திருச்சபை இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டியது. அந்த மன்றாட்டுக்குப் பின்னால் இத்தகைய வரலாறுகளும் நின்றன.

ஏழையைத் தள்ளிய வேலி

இங்கிலாந்தில் வேலி வேறொரு முகத்தைக் காட்டியது. ஊரார் அனைவரும் ஆடுமாடு மேய்த்த பொதுநிலங்களைப் பெரும் நிலக்கிழார்கள் வேலியிட்டு வளைத்தனர். ஆட்டு ரோமம் நல்ல விலைக்குப் போனதே இதற்குப் பெருங்காரணம். 1516இல் வெளிவந்த 'உட்டோப்பியா' என்னும் நூலில், சாதுவான ஆடுகள் மனிதரையே விழுங்கத் தொடங்கிவிட்டன என்ற கருத்துப்பட எழுதி, புனித தாமஸ் மோர் இக்கொடுமையைச் சாடினார். 1549இல் நார்ஃபோக் பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்து வேலிகளைப் பிடுங்கி எறிந்தனர். ராபர்ட் கெட் என்பவரின் வேலியையும் பிடுங்க வந்தனர். அவரோ அவர்களுடைய முறையீட்டில் நியாயம் கண்டு, தம் வேலியைத் தாமே அழித்து, அவர்களுக்குத் தலைவரானார். எழுச்சி சில வாரங்களில் ஒடுக்கப்பட்டது. நாரிச் கோட்டையில் கெட் தூக்கிலிடப்பட்டார். சரியாக நானூறு ஆண்டுகள் கழித்து, 1949இல், அதே கோட்டையில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நாடாளுமன்றச் சட்டங்களே இப்பணியைச் செய்தன. ஆயிரக்கணக்கான சட்டங்கள் பொதுநிலத்தைத் தனியுடைமையாக்கின. வளைத்த நிலத்தைச் சுற்றி நட்டது பெரும்பாலும் அந்தப் பழைய 'வேலிமுள்' மரத்தையே. காட்டு விலங்கைத் தடுக்கப் பிறந்த முள், இப்போது அண்டைவீட்டானின் பசுவைத் தடுத்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்ற நம் பழமொழி நினைவுக்கு வருகிறது.

அதே ஆங்கிலேயர் நம் நாட்டிலும் ஒரு வேலி வளர்த்தார்கள். வட இந்தியாவில் உப்பு வரியைக் காப்பதற்கென அமைத்த சுங்க எல்லை, 1869இல் சிந்து நதிப் பகுதியிலிருந்து ஒரிசா எல்லைவரை ஏறத்தாழ 2,300 மைல் நீண்டிருந்தது. காவலுக்கு 12,000 பேர் வரை இருந்தனர். அதன் பெரும்பகுதி கருவேலும் களாவும் சப்பாத்திக்கள்ளியும் நட்டு வளர்த்த வேலி. ஏழையின் கஞ்சிக்கு வேண்டிய உப்பு வரி கட்டாமல் நுழைந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். 1879இல் அது கைவிடப்பட்டது. வேலியின் அடையாளமே இன்று அரிதாகிவிட்டது.

வேலியும் வாயிலும்

ஆகவே, வேலி நல்லதா தீயதா என்று கேட்பதில் பயனில்லை. வேலியில்லாப் பயிர் அழியும். புதிய ஏற்பாடும் இதை அறியும். கிரேக்க மூலத்தில் வேலியைக் குறிக்கும் 'ஃபிராக்மோஸ்' என்ற ஒரே சொல் மூன்று முக்கியமான இடங்களில் வருகிறது. திராட்சைத் தோட்டத்தை உருவாக்கியவர் அன்போடு அதைச் சுற்றி வேலியடைக்கிறார் (மாற்கு 12:1). விருந்து வைத்தவர், வேலியோரங்களில் இருப்போரையும் அழைத்துவரப் பணியாளரை அனுப்புகிறார் (லூக்கா 14:23). இறுதியில், இரு இனத்தாரைப் பிரித்துநின்ற வேலிச்சுவரைக் கிறிஸ்து தம் உடலிலே தகர்க்கிறார் (எபேசியர் 2:14). காக்கும் வேலி, ஆளை வெளியே நிறுத்தும் வேலி, தகர்க்கப்படும் வேலி என்று, நாம் இதுவரை பின்தொடர்ந்த வரலாறு முழுவதும் இம்மூன்று வசனங்களுள் அடங்கிவிடுகிறது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு சாக்சன் வழக்கில் நற்செய்தியை மொழிபெயர்த்தவர், லூக்காவின் அந்த இடத்தில் நம் 'ஹாக்' என்பதன் உறவுச்சொல்லையே எழுதினார். சூனியக்காரியை அமரவைத்த அதே வேலியோரத்திற்குத்தான் விருந்தின் அழைப்பும் சென்றது.

மதிலில்லா ஊரான தி ஹேக்கின் பிற்கால வரலாறும் நமக்கு ஒரு பாடம். 1899இல் முதல் ஹேக் அமைதி மாநாடு அங்குக் கூடியது. இத்தாலிய அரசின் எதிர்ப்பால் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவுக்கு அழைப்பு இல்லை. ஆயினும் நெதர்லாந்து அரசிக்கு அவர் எழுதிய அமைதிக் கடிதம் இறுதி அமர்வில் வாசிக்கப்பட்டது. 1913இல் திறக்கப்பட்ட அமைதி மாளிகையில் 1946 முதல் உலக நீதிமன்றம் இயங்கிவருகிறது. தாத்ரா, நகர் அவேலி பகுதிகளுக்கு இந்திய மண் வழியே செல்லும் உரிமைபற்றிப் போர்த்துக்கல் தொடுத்த வழக்கில், 1960இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுமக்களும் பொருள்களும் கடந்துசெல்லும் உரிமை உண்டு. படையும் ஆயுதமும் கடந்துசெல்லும் உரிமை இல்லை என்பது அதன் சாரம். வேலியைப் பிடுங்கவும் இல்லை, அடைத்துவிடவும் இல்லை. அதில் எவ்வளவு அகலத்திற்கு வாயில் வைக்க வேண்டும் என்பதை அத்தீர்ப்பு அளந்து சொன்னது. வேலியின் பெயர்கொண்ட ஊரில் இப்படி ஒரு தீர்ப்பு!

நம் வீடுகளுக்கு வேலி வேண்டும். குடும்பத்திற்கும் நம்பிக்கைக்கும் மரபுக்கும்கூட ஒரு வேலி வேண்டும். ஆனால் நம் தெருக்களிலும் சங்கங்களிலும், ஏன், கல்லறைத் தோட்டங்களிலும்கூட நாம் வளர்த்துவைத்துள்ள வேலிகள் எதைக் காக்கின்றன என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பயிரைக் காக்கும் வேலிக்கு வாயில் இருக்கும். மனிதரை ஒதுக்குவதற்கென்று எழுந்த வேலிக்கு வாயில் இராது. அத்தகைய வேலியின் ஓரத்தில் இன்று நிற்பவர் யார், அவருக்கு நாம் என்ன பெயர் சூட்டியிருக்கிறோம் என்பதை அறிய நாம் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. வாயில்வரை நடந்து சென்றால் போதும்.